பேனை பிடித்த பெருவிரல்

அந்தக் கொமட் கதை, கதிரை மாதிரி இருந்து போகிற கக்கூஸ் கதை, பொய்யில்லைப் பிள்ளை. அதை ஓட்டோவில் ஏற்றி, விழுந்துவிடாமல் நிலாவெளி வரைக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது நான்தான். நீங்கள் இந்த ஒழுங்கைக்குக் குடிவந்து மூன்று மாதம்தானே, அதற்குள் யார் உங்களுக்கு ஊதினது? பரவாயில்லை. ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி நான் அதன் மேலே ஏறி இருந்துகொண்டு போகவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன். மூடிதான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டப் டப் என்று அடித்துக்கொண்டு வந்தது. உப்புவெளியில் பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் கோயில் தேரில் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அந்தக் கதிரையை நிழலுக்கு இழுத்துப்போட்டு இருங்கோ. நான் இந்தச் சூடை மீனைத் துப்புரவாக்கிக்கொண்டே சொல்கிறேன். காகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. அந்த ஒற்றைக்கால் காகம் பெரிய கள்ளன். ஆனால் அது பேப்பர் எழுதிக் களவெடுக்கிறதில்லை. அந்த அளவில் நல்லது.

எங்கள் மாதர் சங்கத்தில் இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் மீன் விற்கிறதும் கருவாடு போடுகிறதும்தான் தொழில். நான் தலைவி. சிரிக்காதேயுங்கோ. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் தலைவி. ஏன் என்னைத் தலைவியாகப் போட்டார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. கூட்டத்தில் முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை. பெரிய ஆட்கள் வந்தால் முதல் மாலை அவர்களுக்கு, இரண்டாம் மாலை எனக்கு. வீட்டில் என் மருமகள் எனக்கு மூன்றாவது கோப்பையில்தான் தேத்தண்ணி தருவாள். சங்கத்தில் முதல் கோப்பை எனக்குத்தான், பிஸ்கட்டோடு. எனக்கென்றால் ஒரே புளுகம், சந்தோசம் தாங்காது.

செயலாளர், பெயருக்கு, அன்புவழிபுரத்தில் இருக்கிற ஒரு அம்மா. வேலை முழுக்கச் செய்கிறது அவவுடைய மனிசன். அவர் ஒரு கந்தோரில் நாற்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுகிறது. மடிப்புக் கலையாத நீட்டுக் களிசான், சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒரு நீலம், ஒரு சிவப்பு. சிவப்புப் பேனையைக் கண்டாலே எங்களுக்குப் பேச்சு வராது.

போன வருடம் ஒரு திட்டத்திலிருந்து எங்களுக்கு ஐஸ் பெட்டி தந்தார்கள். ஆளுக்கு ஒன்று. நல்ல பெரிய நீலப் பெட்டி. இந்த வெயிலுக்குப் பத்து மணிக்கே மீன் கண் சிவந்து வயிறு வெடிக்கும். பெட்டி இருந்தால் பின்னேரம் வரைக்கும் தாங்கும். பெட்டி இல்லாதவள் மத்தியானத்துக்கு முன் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அதுதான் வித்தியாசம். பதினொரு பேருக்குப் பெட்டி கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, தலைவி அல்லோ. மற்றப் பதினொரு பேருக்கும் சேர் சொன்னார்: “மிச்சம் துறைமுகத்தில நிக்குது. கப்பலால இறக்க வேணும்.”

அதற்குப் பிறகு பிள்ளை, எங்கள் ஆட்கள் கப்பல் பார்த்த பார்வையைப் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கைத் தலைப்பில் இருக்கிற ராத்தா, அதுதான் இறால் விற்கிற முஸ்லிம் அக்கா, ஒவ்வொரு கப்பல் உள்ளே வரும்போதும் கடற்கரைக்குப் போய் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பா. “இந்தக் கப்பலாத்தான் இரிக்கும் ஆச்சி, பெரிசா இரிக்கி.” கோதுமைக் கப்பல் வந்தது, சீமெந்துக் கப்பல் வந்தது. நீலப் பெட்டி வரவில்லை. முதல் பெட்டிகள் லொறியில் வந்ததை நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்டோம். ஆனால் சேர் கப்பல் என்றால் கப்பல்தானே!

ஒரு திங்கட்கிழமை திட்டத்தில் வேலை செய்கிற மிஸ் என் வீட்டுக்கு வந்தா. சின்னப் பெண், இந்த ஊர்தான், நல்ல பிள்ளை. கையில் ஒரு கடுதாசி.

“ஆச்சி, பெட்டி வாங்கின லிஸ்டில சங்கத்திட சீல் அடிக்கேல்லை. சேரிட்டைக் குடுத்து அடிச்சு வையுங்கோ. வெள்ளிக்கிழமை பெரிய ஐயா வாறார். இருபத்திரண்டு பெட்டியையும் வரிசையா வைக்கோணும், போட்டோ எடுப்பினம்.”

“இருபத்திரண்டோ பிள்ளை?”

“ஓம், எல்லாரும் எடுத்தாச்செண்டு நீங்கள்தானே கீழை கைநாட்டு வைச்சிருக்கிறீங்கள்.”

 சேர் என்னிடம் விரல் வாங்கினது உண்மை. மிச்சப் பெட்டியைக் கேட்டு எழுதின கடிதம் என்று சொல்லித்தான் வாங்கினவர். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மை டப்பாவை அவர் நீட்டுவார், நான் விரலை வைப்பேன், பிறகு பிஸ்கட் வரும்.

மிஸ் கடுதாசியை விரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தா. நான் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன் பிள்ளை, அந்தக் கடுதாசியில் என்னால் வாசிக்கக் கூடியது ஒன்று இருந்தது.

மீன் வெட்டுகிறவளின் பெருவிரலைப் பார்த்திருக்கிறீர்களோ? இந்தா, என்னுடையதைப் பாருங்கோ. ரேகை இருக்கிறதோ? செதிலும் சாம்பலும் கத்தியும் உப்பும் சேர்ந்து அதை அழித்துப்போட்டன. ஒருக்கால் ஒரு கந்தோரில் விரல் வைக்கிற மெசின் மூன்று தரம் என்னை ஆள் இல்லை என்றது. “ஆச்சி, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ” என்றார்கள். சவுக்காரம் போட்டுக் கழுவினேன். மெசின் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் உயிரோடு அதன் முன்னால் நின்று கையாட்டிக் காட்டியும் பார்த்தேன். எங்கள் சங்கத்தில் கைநாட்டு வைக்கிற எல்லோருக்கும் இந்தக் கதிதான். கடுதாசியில் வைத்தால் மையில் தோய்த்த புளியங்கொட்டை மாதிரி ஒரு மொழுமொழு அப்பல், அவ்வளவுதான்.

லிஸ்டில் மேலே இருந்தது அப்படித்தான். புளியங்கொட்டை, புளியங்கொட்டை, ஒரு ஒப்பம், பிறகு புளியங்கொட்டை. கீழே வர வர எனக்குக் கண் விரிந்தது. பதினொரு கைநாட்டு, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வட்டம் வட்டமாக, அவ்வளவு வடிவு! ஒரு ரேகை அழியவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே மாதிரி ஒரு வெள்ளைக் கீறு. அதில் ஒன்று ராத்தாவின் பெயருக்கு நேரே. ராத்தாவுக்கு ஒப்பம் வைக்கத் தெரியும் பிள்ளை. முதியோர் வகுப்புக்குப் போய்ப் பழகினவ. அதை வைக்க ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரம் எடுப்பா, ஆனால் வைப்பா.

இது மீன் வெட்டின விரலில்லை, பேனை பிடித்த விரல் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துபோனது. கீறும் யாருடையது என்று தெரியும். பெட்டி வந்ததற்கு முந்தின பொங்கலுக்குச் சேர் டின் மீன் வெட்டப்போய்ப் பெருவிரலை வெட்டிக்கொண்டு, துணி சுற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தவர். கடல் முழுக்க மீன் கிடக்கிற ஊரில் டின் மீனுக்கு விரலைக் கொடுத்த மனிசன் அவர் ஒருவர்தான். நாங்கள் ஒரு கிழமை சிரித்தோம்.

மிஸ்ஸிடம் நான் வாய் திறக்கவில்லை. பயம்தான். கீழே இருக்கிற பெரிய புளியங்கொட்டை என்னுடையது. வெள்ளிக்கிழமை பெட்டி இல்லை என்றால் பொலிஸ் என்னைத்தான் கேட்கும். இந்த வயதில் ஜீப்பில் ஏறினால் என் மருமகள் அதை ஊர் முழுக்கச் சொல்லுவாள், முதல் கோப்பைத் தேத்தண்ணி குடித்தபடி.

அடுத்த நாள் காலமை லிஸ்டை மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அன்புவழிபுரத்துக்குப் போனேன். சேர் வாசலுக்கே வந்தார்.

“வாங்கோ ஆச்சி, நல்ல நேரம் வந்தனீங்கள். ஒரு சாமான் காட்டுறன்.”

வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பழைய கக்கூஸைக் காணவில்லை. அந்த இடத்தில் மீன் வயிறு மாதிரிப் பளபளவென்று மாபிள் பிடித்த ஒரு அறை. நடுவில், வெள்ளை வெளேரென்று, அது.

“இருந்து பாருங்கோ ஆச்சி.”

“ஐயோ வேண்டாம் சேர்.”

“மூடி போட்டுத்தான் கிடக்கு. கதிரை மாதிரி இருங்கோ.”

இருந்தேன். பொய் சொல்லக்கூடாது, நல்ல சுகமாகத்தான் இருந்தது. முழங்கால் வலிக்கவில்லை. அவர் வாசலில் நின்று பிள்ளை பிறந்த வீட்டில் நிற்கிறவர் மாதிரிச் சிரித்தார். அவருடைய மனிசியின் தம்பி முப்பது வருடத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிறாராம். குடும்பத்தோடு, வாற மாதம்.

“அவை குந்த மாட்டினம் ஆச்சி. போன வருசம் பிள்ளையள் மட்டும் வந்து மனிசியின்ர தங்கச்சி வீட்டை நிண்டிட்டு, ஹோட்டலிலை அறை எடுத்துப் போட்டினம், உதுக்காகவே. அந்த வெட்கம் எனக்கு வரக்கூடாது.”

நான் இருந்த இடத்திலிருந்தே லிஸ்டை எடுத்து விரித்தேன். “சேர், உங்கட பெருவிரலை ஒருக்காக் காட்டுங்கோ.”

அவர் காட்டவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு வாசற்படியிலேயே இருந்துவிட்டார், அந்த மடிப்புக் களிசானோடு, சீமெந்துத் தூசிக்குள்.

“நாற்பது வருசம் ஆச்சி. கந்தோரிலயிருந்து ஒரு குண்டூசி வீட்டை கொண்டு வரேல்லை. பென்சில் துண்டுகூட.”

“தெரியும் சேர்.”

“முதல் ஒரு பெட்டிதான். மூடி வெடிச்சிருந்தது. ஆருக்கும் குடுக்க ஏலாதெண்டு நிலாவெளியில ஒரு ஹோட்டல்காரருக்குக் குடுத்தன். அவர் ‘இன்னும் இருக்கோ’ எண்டார். ஆராவது வந்து, ‘சேர், என்ர பெட்டி எங்கை’ எண்டு கேப்பினம், அப்ப நிப்பாட்டுவம் எண்டு இருந்தன். ஒருத்தரும் கேக்கேல்லையே ஆச்சி! கப்பல் எண்டன். நம்பிட்டியள். லொறியில வந்த சாமானுக்குக் கப்பல் எண்டு சொன்னா நம்புவினமோ?”

பாருங்கோ பிள்ளை, களவெடுத்தவருக்கு எங்களில் கோபம்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. எங்களில் ஒருத்தி தராசில் நூறு கிராம் குறைத்து வைத்தால் நாலு பேர் கத்துவார்கள். களிசான் போட்டவரிடம் கேட்க எங்களுக்கு வாய் வராது. நானும் கேட்கவில்லைத்தானே. கேட்டால் அந்த முன்வரிசைக் கதிரை போய்விடும் என்ற பயம். அவருக்கு இந்தக் கதிரை ஆசை, எனக்கு அந்தக் கதிரை ஆசை. நான் இதில் ஏறி இருந்துகொண்டுதான் அவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கெதியாக எழும்பினேன்.

“வெள்ளிக்கிழமைக்கு முதல் பெட்டி வரோணும் சேர்.”

“ஹோட்டல்காரர் காசைத் திருப்பிக் கேப்பார். காசெல்லாம் இதுக்குள்ள போட்டுது.” சுவரைத் தட்டிக் காட்டினார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒருவருக்கும் சொல்கிறதில்லை என்றுதான் வந்தேன். ராத்தாவுக்கு ஒரு சொல்தான் சொன்னேன். அது எப்படியோ முழுக்கதையாக வந்துவிட்டது. பெட்டியைச் சேர் விற்றதைக் கேட்டபோது அவ பொறுமையாகத்தான் இருந்தா. கைநாட்டு என்று சொன்னவுடன் இறால் கடகத்தைக் கீழே வைத்தா.

“எனக்கோ? எனக்குக் கைநாட்டு வெச்சிரிக்காரா? ஒப்பம் தெரிஞ்ச மனிசிக்கு?”

“பெட்டி போனதுதான் ராத்தா பெரிய விசயம்.”

“பெட்டி கெடக்கட்டும்! களவெடுக்கிறண்டா என்ட ஒப்பத்தப் பாத்து எழுதிக் களவெடுக்க ஏலாதா? கஸ்டப்பட்டுப் பழகின ஒப்பம் ஆச்சி! என்ட பேரன்மாரு கேட்டா என்ன சொல்லுவாங்க?”

நேரே சேர் வீட்டுக்குப் போனா. நான் பின்னால் ஓடினேன். சேர் அவவைக் கண்டவுடன் சிவப்புப் பேனையையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார், சரணடைகிறவர் மாதிரி. ராத்தா அந்த அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தா. பிறகு ஒரு விரலால் காட்டினா.

“இதக் களட்டுங்க. ஹோட்டல்காரனுக்கு இது இன்னொண்டு தேவப்படாதா?”

இதுதான் பிள்ளை, படித்தவருக்கு வராத யோசனை. சேரின் மனிசி குசினிக்குள் நின்று அழுதா. “தம்பிக்கு நான் என்ன சொல்லுவன்?” என்று அதே கேள்வி. மேசனைக் கூப்பிட்டுக் கழற்றினோம். சேர் வர மாட்டேன் என்றார், வெட்கமாம். அதனால்தான் நான் ஓட்டோவில் போனேன். ஹோட்டல்காரர் தட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், தண்ணீர்ப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். தலை ஆட்டினார். பதினொரு பெட்டியும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து சேர்ந்தன. மூடி வெடித்த ஒன்றைத் தவிர எல்லாம் நல்லதுதான், பியர் மணம்தான் போகவில்லை. ஒரு பெட்டிக்குள் ஆறு போத்தல் மூடி கிடந்தது. சாம்பலும் பழப்புளியும் போட்டுத் தேய்த்தோம். அப்போதும் மூடியைத் திறந்தால் கள்ளுத் தவறணை வாசல்தான்.

ராத்தா முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றா. “அல்லாவே! எனக்கு வேணாம் ஆச்சி. இதுல இறால வெச்சு நான் எப்பிடி விக்கிற?” என்னுடைய நல்ல பெட்டியை அவவுக்குக் கொடுத்தேன். தலைவி என்று நான் செய்த ஒரே வேலை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கோவன்.

இனி லிஸ்ட் இருக்கிறதே. அதில் பதினொரு வெங்காயம். வெள்ளிக்கிழமை ஐயா அதைப் பார்த்தால்? வியாழக்கிழமை காலமை நான் கோட்டை வாசல் பக்கம் போனேன். அங்கே நிற்கிற மான்கள்தான் தெரியுமே, மரக்கறித் தோலும் தின்னும், பையில் இருக்கிறதையும் இழுக்கும். இரண்டு கதலி வாழைப்பழத்தை லிஸ்டில் சுற்றினேன். ஒரு கொம்பன் வந்து பழத்தோடு எல்லாவற்றையும் மென்று விழுங்கினது. எனக்கு நன்றி சொல்கிற மாதிரித் தலையும் ஆட்டினது. ‘இந்த ஒருக்கால்தானே’ என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது. சேரும் முதல் பெட்டிக்கு இதைத்தானே நினைத்திருப்பார். அந்த நினைப்புக்கு ஒரு களிசான்கூடத் தேவையில்லைப் பிள்ளை, சீலை உடுத்தவளுக்கும் வருகிறது.

வெள்ளிக்கிழமை ஐயா வந்தார். கொழும்பு ஆள். இருபத்திரண்டு பெட்டியும் நீலமாக வரிசையில் நின்றன. எண்ணினார். ஒன்றைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்தார்.

“இது என்ன மணம்?”

“மீன் ஐயா.”

“என்ன மீன்?”

“சுறா ஐயா. இந்தப் பக்கத்துச் சுறா ஒரு மாதிரி.”

எழுதிக்கொண்டார், பாவம். பிறகு லிஸ்ட் எங்கே என்றார். மான் தின்றுபோட்டது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது மிஸ்தான் மெல்லச் சொன்னா: “இந்த ஊர் மான் தின்னும் ஐயா. என்ர ஒபீஸ் பைலையே ஒருக்காத் திண்டது.” அங்கேயே புது லிஸ்ட் எழுதினார்கள். ராத்தா தன் முறை வந்ததும் பேனையை வாங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூன்று பேருடைய இடத்தைப் பிடித்து ஒப்பம் வைத்தா. ஐயா இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். அவ அவசரப்படவில்லை.

போகும்போது மிஸ் என் காதுக்குள் சொன்னா: “ஆச்சி, அந்த லிஸ்டை நானும் பாத்தனான். இனிமேல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டு விரலை வையுங்கோ.” நான் பெருவிரலைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன், வாழைப்பழம் உட்பட. முன்வரிசைக் கதிரையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டுப் பாயில் இருந்தேன். இனித் தலைவி வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். ராத்தாதான் கதிரையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டா. “இவவ மாத்தினா அடுத்தவ வாழப்பழத்துக்குப் பதிலா என்னத்தச் சுத்துவாவோ தெரியா. இரிக்கட்டும். ஆனா சேர் எல்லாக் கடுதாசியையும் எங்களுக்கு முன்னால சத்தமா வாசிக்கணும். வாசிச்சு முடிஞ்சாத்தான் பிஸ்கட்.” அதுதான் இன்றைக்கும் சட்டம்.

அவரை விரட்டவில்லையோ என்று கேட்கிறீர்கள், என்ன? இரண்டு பேர் கேட்டார்கள். ஆனால் வெளிநாட்டு மச்சான் வந்தபோது நடந்ததைக் கேட்டபிறகு ஒருவருக்கும் மனம் வரவில்லை. தேசிக்காய் மரத்தடியில் எறிந்து கிடந்த பழைய குந்துகிற தட்டைத்தான் திரும்ப மாபிளுக்கு நடுவில் பதித்து வைத்திருந்தார்கள். அந்த மனிசன் உள்ளே போய் அரை மணித்தியாலம் வரவில்லை. சேர் வாசலுக்கும் தேசிக்காய் மரத்துக்கும் நடந்தபடியே இருந்தாராம். வெளியே வந்தவர் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாராம்: “முப்பது வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அக்கா எனக்கு ஒழுங்காப் போனது.” சேர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லையாம்.

அங்கே பாருங்கோ, சைக்கிளை மதிலில் சாத்துகிறது அவர்தான். இன்றைக்கு ஏதோ புதுக் கடுதாசி வந்திருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு கமாவும் விடாமல் வாசிப்பார். போன முறை கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தவர். நீங்களும் இருந்து கேளுங்கோவன், பிஸ்கட் …

ஐயோ, ஐஸ் லொறி! கோன் அடித்த சத்தம் கேட்டதோ? அவன் ஒழுங்கை முகப்பில் ஒரு நிமிடம்தான் நிற்பான். சேர், கொஞ்சம் பொறுங்கோ, வாசிக்கத் தொடங்காதேயுங்கோ! பிள்ளை, அந்தப் பெட்டியை ஒரு பக்கம் பிடியுங்கோ. மூடி திறக்கும்போது பியர் மணக்கும், பயப்படாதேயுங்கோ. காகம், காகம்! சூடையை மூடுங்கோ முதல்.